முழங்காலில் கறுப்புச் சேறு

பிப்ரவரி 4, திங்கள்

காலையில் போலீஸ் ஸ்டேஷன் வாசலைத் தவிர்த்துச் சுற்றிப் போய் மீன் வாங்கி வந்தேன். ரிட்டையர் ஆகி ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் அந்தப் பக்கம் போனால் எவனாவது கையைத் தட்டிக் கூப்பிட்டு, "அண்ணே, பிரின்டர் மக்கர் பண்ணுது" என்பான். நான் போட்டோ எடுத்தவன்டா, மெக்கானிக்கா?

வீட்டுக்கு வந்தால் என் பெண்டாட்டி ஒராசா வாசலில் நிற்கிறாள், முகமெல்லாம் பல். "கர்னல் ஐயா போன் பண்ணாரு. பாங்காக்லேருந்து சினிமாக்காரங்க வர்றாங்களாம். உன்னைத்தான் கேட்டாங்களாம். போய் முடிய வெட்டிக்கிட்டு வா, பாக்க சகிக்கல."

போலீஸ் கர்னலாக ரிட்டையர் ஆன சம்ரான் ஐயா பதினேழு வருஷத்துக்கு முன்னால் இந்த நோங் சனோவில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கரும்புக் காட்டில் அந்த ஒரே சீசனில் நாலு பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவனைத் தேடிப் பிடித்தவர் என்று பேப்பரெல்லாம் அவர் படம் வந்தது. அந்தக் கதையைத்தான் படமாக எடுக்கிறார்கள். ஸ்டேஷன் எப்படி இருந்தது, பிணத்தைச் சுற்றிக் கயிறு எப்படிக் கட்டினோம், பிடிபட்டவனை எப்படி இடத்துக்கு அழைத்துப்போய்ச் செய்து காட்டச் சொன்னோம் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமாம். அந்த வழக்கில் எல்லாப் படத்தையும் எடுத்தவன் நான்தான்.

ஐயாவுக்குத் திருப்பிப் போன் போட்டேன். "பிரசோங், நம்ம படம்டா. எதைச் சொல்லணுமோ அதைச் சொல்லு" என்றார். சரிங்கய்யா என்றேன். முப்பது வருஷமாகச் சொன்ன சொல், வாயில் தானாக வந்துவிடுகிறது.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. மீன் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 7, வியாழன்

படத்துக்குப் பூஜை. மேசையில் இரண்டு பன்றித்தலை, வேகவைத்த கோழி, சிவப்பு சோடா, சாமந்தி மாலை. கேமராவுக்கும் துணி கட்டியிருந்தார்கள். ஐயா வெள்ளைச் சட்டையில் வந்து முதல் ஊதுபத்தியை ஏற்றினார். அவர் வேஷத்தில் நடிக்கிறவன் அவர் காலைத் தொடாத குறைதான். வேஷக்காரன் முகத்தில் ஐயாவைவிட ஐயா களை அதிகம்.

டைரக்டர் பேர் எக்காசித். நாற்பது வயது இருக்கும், பேசும்போது யாரையும் பார்ப்பதில்லை. என்னை ஒரு பெண்ணிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அவள் பேர் சோம். முப்பது தாண்டியிருக்கும், ஒட்ட வெட்டிய முடியில் ஒரு பென்சில் செருகியிருந்தாள், கழுத்தில் ஸ்டாப் வாட்ச். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே எதுவும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

"டம்ளர்ல பாதித் தண்ணி இருந்தா அடுத்த ஷாட்லயும் பாதிதான் இருக்கணும் மாமா. முழுசா இருந்துச்சுன்னா ஊரே சேந்து என்னைத்தான் திட்டும்."

"உன்னைக் கட்டிக்கிறவன் பாவம்" என்றேன்.

"ஒருத்தன் இருந்தான். சட்டை பட்டன் ஒண்ணு கொறையுதேன்னு கேட்டேன். போனவன் வரவேயில்ல."

சிரித்துவிட்டேன். பிறகு அவள் பைலைத் திறந்து கேட்டாள். "கோர்ட்டுல குடுத்தது பதினெட்டு படம். அவ்வளவுதானா மாமா?"

"அவ்வளவுதான்" என்றேன்.

இதே சொல்லை இதே குரலில் கோர்ட்டில் கை தூக்கிச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

அலமாரி மேல் இருக்கும் டின்னை இன்று இரண்டு தரம் பார்த்தேன். திறக்கவில்லை.

பிப்ரவரி 13, புதன்

நாலாவது பெண் இறந்து கிடக்கும் காட்சியை எடுத்தார்கள். கால்வாய்க் கரையில் அந்தப் பழைய பம்புசெட் அறை இன்னும் அப்படியே நிற்கிறது, மோட்டாரை மட்டும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சிமென்ட் தரையில் அந்த நடிகை கண்ணை மூடிக் கிடந்தாள். எந்தக் கை மடங்கியிருந்தது, முடி எந்தப் பக்கம் விழுந்திருந்தது என்று சோம் என்னைக் கேட்டுக் கேட்டு வைத்தாள். நானும் சொன்னேன். மறந்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு முடிகூட மறக்கவில்லை.

ஷாட் முடிந்ததும் எல்லாரும் கைதட்டி, "சிரி, சிரி!" என்று கத்தினார்கள். பிணமாக நடித்தவர்கள் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோஷம் ஒட்டிக்கொள்ளும். அவளும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, நாக்கை நீட்டி, குதித்துக்கொண்டு ஓடினாள்.

நான் அன்றைக்குப் படம் எடுத்தவள் பேர் வாசனா. முப்பத்தோரு வயது, ஆலையில் சர்க்கரை மூட்டை தைக்கிறவள். நாலு வயதில் ஒரு பையன் இருந்தான். அவளை யார் எழுந்து சிரிக்கச் சொல்வது?

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தேன். வெயில் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 14, வியாழன்

குற்றவாளியாக நடிக்கும் தனாவுத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நல்ல பையன். கையில் ஒட்டரிசியும் பொரித்த கோழியும். வடகிழக்குப் பேச்சுப் பழகுகிறானாம், அதனால் சாப்பாடும் அதுவேதானாம்.

"மாமா, கம்சிங் நெசத்துல எப்படி இருப்பான்? மொறைப்பானா?"

கம்சிங். எத்தனை வருஷமாயிற்று அந்தப் பெயரைப் பிறர் வாயில் கேட்டு. வடகிழக்கிலிருந்து கரும்பு வெட்ட வந்தவன். அவன் பேசினாலே ஸ்டேஷனில் சிரிப்பார்கள். வாசனாவின் செருப்பு அவன் குடிசையில் இருந்தது. "வழியில கெடந்துச்சு, எம்பொண்டாட்டிக்கு ஆகும்னு எடுத்தேன்" என்றான். மூன்று நாள் தூங்கவிடவில்லை. நாலாம் நாள் நான்தான் செய்தேன் என்று கைநாட்டு வைத்தான். நாலு கொலையும் அவன் தலையில் ஏறியது. மரண தண்டனை என்று தீர்ப்பு வந்து, மன்னிப்பில் ஆயுளாகி, இன்னும் பாங்காக்கில் உள்ளே கிடக்கிறான்.

"மொறைக்கல" என்றேன். "சொன்னதைச் செஞ்சான்."

"அழுதானா?"

"சாப்பிடு, கோழி ஆறிடும்" என்றேன்.

பிப்ரவரி 18, திங்கள்

இன்று மாட்டிக்கொண்டேன்.

சோம் பழைய பேப்பர் படத்தைப் பெரிசாக்கிப் பலகையில் குத்தி வைத்திருந்தாள். ஊரே பார்த்த படம்தான் அது. பம்புசெட் அறைக்குள் கம்சிங் மண்டிபோட்டு, ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு, செத்தவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். செய்து காட்டி முடித்ததும் ஊதுபத்தி கொடுத்துக் கும்பிட வைப்பது வழக்கம். அதுதான் பேப்பர்காரர்களுக்கு வேண்டிய படம்.

"மாமா, இங்க வாங்க. இது சிமென்டுத் தரைதானே?"

"ஆமா."

"அப்போ முழங்கால்ல இந்தச் சேறு எங்கேருந்து வந்துச்சு? ஈரமா, கறுப்பா, ரெண்டு காலுலயும். உள்ள சேறே கிடையாது. ஊதுபத்தியப் பாருங்க, பாதி எரிஞ்சு போயிருக்கு. இந்த ஆளு இதுக்கு முன்னாடி வேற எங்கியோ மண்டி போட்டிருக்கான். கால்வாய்க் கரையிலதான் இப்படிச் சேறு. இது ரெண்டாவது டேக் மாமா." பென்சிலை எடுத்து என் மார்பை நோக்கி நீட்டினாள். "முதல் டேக் எங்க?"

பதினேழு வருஷமாக ஒரு ஜட்ஜ் கேட்கவில்லை, ஒரு வக்கீல் கேட்கவில்லை. டம்ளரில் தண்ணீர் அளக்கிறவள் கேட்கிறாள்.

"நடந்து வரும்போது விழுந்திருப்பான்" என்றேன்.

"ஊதுபத்தியோடயா?" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 19, செவ்வாய்

மாக பூஜைப் பௌர்ணமி, புத்தருக்கு உரிய நாள். ஷூட்டிங் லீவு. கோயிலில் ஐந்து சீலமும் எடுத்துக்கொண்டோம். நாலாவது, பொய் சொல்லாதிருப்பது. எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிப்ரவரி 21, வியாழன்

ஒராசா சந்தைக்குப் போனதும் டின்னை இறக்கினேன்.

உள்ளே பச்சரிசி. அரிசிக்கு நடுவே பிளாஸ்டிக் உறையில் ஒரு நெகடிவ் சுருள். அரிசி ஈரத்தை இழுக்கும், பூஞ்சை பிடிக்காது. ஒவ்வொரு மழைக்காலமும் பழைய அரிசியைக் கொட்டிவிட்டுப் புதுசு போடுகிறேன். என்னவென்று கேட்டதற்கு, "வெளிச்சம் ஏறிப்போன ஃபிலிம்" என்று ஒராசாவிடம் சொல்லியிருக்கிறேன். வெளிச்சம் ஏறிப்போன ஃபிலிமுக்கு எவனாவது பதினேழு வருஷம் அரிசி மாற்றுவானா? அவளும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இன்னொரு தரம் டின்னை மூடிவிடுவேன்.

அவனைச் செய்து காட்ட வைத்த அன்றைக்குப் பம்புசெட் அறைக்கு வெளியே முந்நூறு பேர். ஹெல்மெட் போட்டு அவனைக் கூட்டிவந்தோம். செருப்பு வீசினார்கள். வாசனா பம்புசெட்டுக்குள் கிடந்தாள் என்பதை ஐயா வெளியில் விடவேயில்லை. அவளைக் கண்டெடுத்த மோட்டார்காரர் வாயையும் அடைத்தாயிற்று. ஊரில் எல்லாரும், கால்வாயில் கிடந்தாள், கால்வாயில் கிடந்தாள் என்றே பேசினார்கள். செய்தவனுக்கும் எங்களுக்கும் மட்டும்தான் இடம் தெரியும்.

ஐயா ஊதுபத்தியைப் பற்றவைத்துக் கொடுத்து, "போ, அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளு" என்றார்.

கம்சிங் நேராகக் கால்வாய்க் கரைக்குப் போனான். சேற்றில் மண்டி போட்டான். பம்புசெட் அவன் முதுகுக்குப் பின்னால். தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டான். அதுதான் பத்தாவது படம்.

கூட்டத்தில் எவனோ சிரித்தான். பதினொன்றாவது படத்தில் ஐயாவின் கை கம்சிங்கின் பிடரியில். பன்னிரண்டில் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார்கள். பதின்மூன்றாவதுதான் பேப்பரில் வந்தது.

சாயங்காலம் இருட்டறைக்கே ஐயா வந்தார். "பதிமூணுலேருந்து பிரின்ட் போடு."

"முன்னாடி எடுத்தது?"

"அதுல வெளிச்சம் ஏறிடுச்சு" என்றார். ரோலை அவர் பார்க்கவேயில்லை.

சரிங்கய்யா என்றேன். அடப் பாவி. சரிங்கய்யா என்றேன்! அவன் செய்யவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், பிறகு அந்தச் சோற்றையே பதினேழு வருஷம் தின்றேன்.

பிப்ரவரி 23, சனி

ஐயா வீட்டுக்குப் போனேன். சண்டைக்கோழிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிலும் கை நடுங்கவில்லை.

"ஐயா, அவன் மொதல்ல கால்வாய்ப் பக்கம் கும்பிட்டான்."

"தெரியும். என் கைதானே திருப்பிச்சு."

மறுப்பார், கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கோழியின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவனை உள்ள போட்டப்புறம் ஒரு பொண்ணு செத்துச்சா? ஒண்ணு சொல்லு பாப்போம்."

"அவனைப் புடிச்சு பதினோரு நாள்ல சீசன் முடிஞ்சு ஆலை மூடிட்டாங்க ஐயா. வெட்ட வந்த அத்தனை பேரும் லாரி லாரியா ஊருக்குப் போயிட்டாங்க. அதுல யாரு போனான்னு நாம எண்ணலயே. அவன் வேற ஊருக்குப் போய் வேற பொண்ணுங்களை…"

"பிரசோங்." கோழியைக் கூண்டில் விட்டுக் கையைத் துடைத்தார். "வீரா எப்படி இருக்கான்? அடுத்த மாசம் ப்ரமோஷன் லிஸ்ட் வருதுன்னாங்க. பையன் நல்லா வரணும்."

வீரா என் மகன். பக்கத்து ஜில்லாவில் சப்-இன்ஸ்பெக்டர். அவனைப் போலீஸில் சேர்த்ததும் ஐயா, அவன் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்ததும் ஐயா.

கிளம்பும்போது தோட்டத்துப் பம்பளிமாஸ் நாலு பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லிக் கும்பிட்டேன். சீ, என்ன பிழைப்பு இது.

பிப்ரவரி 25, திங்கள்

பம்பளிமாஸ் இனிப்பாக இருக்கிறது என்று ஒராசா இரண்டு தின்றாள். நான் தொடவில்லை.

பிப்ரவரி 27, புதன்

செய்து காட்டும் காட்சி. படத்தில் அதுதான் கடைசிக் காட்சி. அப்போது பாட்டு வருமாம், ஐயா வேஷக்காரன் வெயிலைப் பார்த்து நிற்பானாம். நூறு பேரைக் கூட்டமாக நிறுத்தியிருந்தார்கள். பாதிப் பேர் அன்றைக்கும் வந்து செருப்பு வீசியவர்கள்தான். இன்று வீச ரப்பர் செருப்புக் கொடுத்தார்கள்.

எக்காசித் மைக்கில் சொன்னார்: "தனாவுத், நடந்து வா, மண்டி போடு, கும்பிடு. மத்தது அப்புறம். ஆக்‌ஷன்!"

தனாவுத் தலையைக் குனிந்து நடந்து வந்தான். கையில் ஊதுபத்தி. ஒரு நொடி நின்றான், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்து நடந்து கால்வாய்க் கரைச் சேற்றில் மண்டி போட்டுக் கும்பிட்டான்.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"கட்! அந்தப் பக்கம் இல்லடா, பின்னாடி, பின்னாடி!" உதவி டைரக்டர் ஓடிவந்து விளையாட்டாக அவன் பிடரியைப் பிடித்துப் பம்புசெட் பக்கம் திருப்பினான். நூறு பேரும் சிரித்தார்கள். தனாவுத்தும் சிரித்தான். "எந்தப் பக்கம்னு எனக்கு யாருமே சொல்லலியே! தெரிஞ்சாத்தானே கும்பிடுவேன்?"

தெரிந்தால்தானே கும்பிடுவான். நாலு எழுத்துப் படிக்காத கம்சிங் அன்றைக்கு உடம்பால் சொன்னதும் இதுவேதான்.

சோம் தனாவுத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"மொத டேக் என் வீட்டு அலமாரி மேல இருக்கு" என்றேன்.

அவள் திட்டவில்லை. ஆளா நீ என்று காறித் துப்பியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒரு வக்கீலம்மா பாங்காக்ல இருக்காங்க மாமா. இந்த மாதிரி கேஸ்தான் பாக்குறாங்க" என்றாள். "நீங்க சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க சொல்லலன்னா நான் கேக்க மாட்டேன்."

மார்ச் 2, சனி

ஒராசாவிடம் சொன்னேன். அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவள் குழவியைக் கீழே வைத்தாள்.

"அந்த அரிசிய வருஷா வருஷம் என் கோழிக்குப் போட்டேனே! வெளிச்சம் ஏறிப்போச்சுன்னியே!"

"பொய் சொன்னேன்."

"இப்ப என்ன திடீர்னு ஞானம்? வீரா சோத்துல மண்ணப் போடுவியா? ஐயா இல்லேன்னா நமக்கு இந்த வீடு ஏது? நன்றி கெட்டவன்னு ஊரு சொல்லும், கேட்டுக்கோ! பதினேழு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தவன் செத்த பிறகு தொறந்திருக்கலாமே!"

யார் செத்த பிறகு என்று கேட்டேன். நானா, அவனா?

அவள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அப்புறம் வீரா போன் பண்ணினான். அம்மா சொல்லியிருக்கிறாள். "அப்பா, நீங்க என்ன வேணா பண்ணுங்க. கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் பண்ணாதீங்க." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

மார்ச் 4, திங்கள்

விடியற்காலை பாங்காக் பஸ். மடியில் டின். வாசல் படியில் வாழையிலையில் கட்டிய சோறும் வறுத்த மீனும் இருந்தது. ஒராசா தன் அறைக் கதவைத் திறக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

வக்கீலம்மா ஏற்பாட்டில் சிறைக்குப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் போன். ஐம்பத்தெட்டு வயது. தலை முழுக்க வெள்ளை, ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. ஒன்பது வருஷமாக அவனைப் பார்க்க யாரும் வரவில்லையாம். பெண்டாட்டி வேறு கல்யாணம் செய்துகொண்டாள், அக்கா செத்துப்போனாள்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "போட்டோ புடிச்ச அண்ணேதானே? கெழவனாயிட்டீங்களே."

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் பழகியிருந்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"அன்னைக்கு அத்தனை பேர்ல என்னை அடிக்காதது நீங்க ஒருத்தர்தான். எனக்கு அது ஞாபகம் இருக்கு."

"கம்சிங், நீ கால்வாய்ப் பக்கம் கும்பிட்ட படம் எங்கிட்ட இருக்கு. அன்னைக்கே இருந்துச்சு."

அவன் தலையை ஆட்டினான், ஏதோ தெரிந்த விஷயம் போல. "எடுத்தீங்களே, பாத்தேன். அந்தக் கேமராக் கண்ணாடி என்னையே பாத்துச்சு. அதனாலதான் கோர்ட்டுல சாட்சி சொல்ல நீங்க ஏறினப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு அண்ணே. இவர் பாத்தாரு, இவர் சொல்லிடுவாருன்னு."

போனைக் காதில் வைத்துக்கொண்டே அழுதேன். அறுபத்தேழு வயதில், காவலாளி பார்க்க, மூக்கு ஒழுக. மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அழாதீங்க. நேரம் போயிடும். கரும்பு இப்ப டன் என்ன வெல போகுது?"

சொன்னேன். பரவாயில்லையே என்றான். மணி அடித்துவிட்டார்கள்.

மார்ச் 13, புதன்

நான் சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்ததாம்.

மார்ச் 26, செவ்வாய்

விஷயம் டிவியில் வந்துவிட்டது. ஐயாவும் பேசினார்: "பாவம், வயசாயிடுச்சு. மூளை கலங்கிப்போன மனுஷன்." முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. அவரை எனக்குத் தெரியும், நடிப்பில்லை, நிஜமாகவே என்மேல் வருத்தம்தான்.

எக்காசித் போன் பண்ணினார். கடைசிக் காட்சி அப்படியேதான் வருமாம், என் பேரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். நல்லது என்றேன். சோம் வேலையை விடவில்லை. "எனக்கும் வயிறு இருக்கு மாமா, திட்டாதீங்க" என்றாள். நான் யாரைத் திட்டுவது? தன் நோட்டில் மட்டும் அந்தக் காட்சிக்குக் கீழே ‘டேக் ஒன்று: கால்வாய்ப் பக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறாளாம். அதை அழிக்கச் சொல்லி யாரும் இன்னும் கேட்கவில்லையாம்.

ப்ரமோஷன் லிஸ்டில் வீரா பேர் இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சொங்க்ரான், எங்கள் புது வருஷம். பண்டிகை நாளில் வீடு நிறையப் பிள்ளைகள் வந்து பெரியவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசீர்வாதம் வாங்குவார்கள். இந்த வருஷம் தெருவில் போனவர்கள் எங்கள் வாசலில் நிற்கவில்லை. வீரா வரவில்லை. ஒராசா சமைத்ததெல்லாம் மிஞ்சிப்போனது.

சாயங்காலம் அவளே கிண்ணத்தோடு வந்து என் கையில் கொஞ்சம் ஊற்றினாள். "வெக்கையா இருக்கேன்னு ஊத்துறேன். ஆசீர்வாதம் ஒண்ணும் வேணாம்" என்றாள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பாங்காக்கிலிருந்து மூன்று விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். நெகடிவைச் சோதித்தாயிற்று, ஒட்டு வெட்டு எதுவும் இல்லையாம். மறுவிசாரணை மனுவை எடுத்துக்கொள்வதா என்று ஜூன் 18 அன்று கோர்ட் சொல்லும். பொய்ச் சாட்சிக்கு என் மேல் தனியாக ஒன்று வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர்களில் பெரிய அதிகாரி. வரட்டும் என்றேன்.

இடத்தைக் காட்ட வேண்டும் என்று என்னை வேனில் ஏற்றிப் பம்புசெட்டுக்குக் கூட்டிப் போனார்கள். கரும்பு வெட்டி முடிந்து காடெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. ஊர்க்காரர்கள் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். "சோறு போட்ட கைய கடிச்ச நாயி" என்றாள் ஒருத்தி. அவள் மகள் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ எடுத்தேன். யாரும் செருப்பு வீசவில்லை.

"அவர் மண்டி போட்ட இடத்தை விரலால் காட்டுங்க" என்றார் அதிகாரி. கால்வாய்க் கரையைக் காட்டினேன். எதிரே ஒருவன் கேமராவைத் தூக்கிக் க்ளிக் செய்தான். "சடலம் இருந்த இடம்?" திரும்பிப் பம்புசெட் கதவைக் காட்டினேன். க்ளிக். "இன்னொரு தரம் காட்டுங்க, கை சரியா விழல" என்றான் கேமராக்காரன். இந்த வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். இன்னொரு தரம் காட்டினேன்.

அவ்வளவுதான், போகலாம் என்றார்கள். நான் பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்தேன். அது விசாரணையில் சேர்த்தியில்லையே என்று அதிகாரி இழுத்தார். இரண்டு நிமிஷம் என்றேன்.

முதலில் கால்வாய்க் கரையில், அவன் மண்டி போட்ட அதே இடத்தில் மண்டி போட்டேன். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சிமென்டுத் தரையில், வாசனாவின் தலை இருந்த பக்கம் பார்த்து மண்டி போட்டேன். அவளிடம் நிஜமாக மன்னிப்புக் கேட்க இத்தனை வருஷத்தில் யாருமே வரவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, கேமராக்காரன்தான் கை கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒராசா என் பேன்ட்டைப் பார்த்தாள். முழங்கால் இரண்டிலும் கறுப்புச் சேறு, அதன்மேல் சிமென்டுப் புழுதி.

"எங்க போய் விழுந்த?"

"விழல. மண்டி போட்டேன். ரெண்டு எடத்துல."

பேன்ட்டை வாங்கிப்போய் வாளியில் ஊறப்போட்டாள். கொஞ்ச நேரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "இந்தக் கால்வாய்ச் சேறு லேசுல போகாது. ஜூன்ல கோர்ட்டுக்கு வேற பேன்ட் எடுக்கணும்" என்றாள்.